ஈசிஎல்82 ஆம்ப் கட்டின கதை: எதப் படிச்சேன், எங்க மாட்டிக்கிட்டேன்

போன வருஷம் குறுவை அறுத்து முடிச்ச கையோட ஆரம்பிச்ச வேல, இந்த வருஷம் மேட்டூர் தண்ணி வாய்க்கால்ல வந்து நாத்து விடுற நேரத்துலதான் ரெண்டு சேனலும் ஒழுங்கா பாடுது. சின்ன வால்வு ஆம்ப் (ட்ரான்சிஸ்டருக்கு முன்னாடி ரேடியோல இருந்த கண்ணாடிக் குழாய்தான் வால்வு, ஈசிஎல்82ங்கறது அதுல ஒரு வகை), ஒரு பக்கத்துக்கு ரெண்டு வாட்டுக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். ஊரு ஆடுதுறை பக்கம். வீட்டுக்கு வர்றவங்க அந்த கண்ணாடிக்குள்ள சிவப்பா மின்னுறத பாத்துட்டு "இத எங்க படிச்ச, எந்த புக்கு, ஏதாச்சும் கோர்ஸ் இருக்கா"ன்னு கேக்குறாங்க, ஒரு வரில பதில் சொல்ல முடியல, ஏன்னா நான் படிச்ச வரிசையே தப்பு. கடைசியா படிக்க வேண்டியத மொதல்ல எடுத்து, மொதல்ல பாக்க வேண்டிய ரெண்டு தாள கடைசியா பாத்தேன். நடந்தத நடந்தபடி எழுதிடுறேன், இதே வேலைல எறங்குறவங்களுக்கு ரெண்டு மாசமாவது மிச்சமாகும்.

ஆரம்பம் பாட்டி வீட்டு பரண்ல கெடந்த ஒரு வால்வு ரேடியோ. திருச்சி வானொலியும் ராத்திரில இலங்கை வானொலியும் கேட்ட பொட்டி, பின்னாடி அட்டய கரையான் தின்னுருந்துச்சு. அதக் கெளறி உள்ள இருக்குற வால்வ எடுத்து ஒரு ஆம்ப் பண்ணிடலாம்னு நெனப்பு. நல்லவேள, பிளக்க சொருகுறதுக்கு முன்னாடி வால்வு மேல உள்ள நம்பர எழுதி வெச்சேன்: யூசிஹெச்81, யூபிஎஃப்89, யூஎல்84, யூஒய்85. நாலும் யூ. அப்ப அதுக்கு அர்த்தம் தெரியாது, பிளக்க சொருகி ஸ்விட்ச போட்டுட்டு சும்மா ஒரு டெஸ்டர எடுத்து சேஸிஸ்ல (எல்லாத்தையும் மாட்டியிருக்குற உலோகத் தட்டு) வெச்சா டெஸ்டர் எரியுது. பிளக்க திருப்பி சொருகுனா எரியல. ஏதோ ஒயர் எங்கியோ ஒரசுதுன்னு அரை நாள் தேடுனேன், ஒண்ணும் ஒரசல, அந்த செட்ட கட்டுனதே அப்படித்தான். மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மரே கெடையாது, லைன்ல ஒரு முனை நேரா சேஸிஸ்ல வந்து நிக்கும். மரப்பொட்டியும் பிளாஸ்டிக் திருகும்தான் நமக்கும் அதுக்கும் நடுவுல காப்பு. அதுல நான் ஃபோன் ஒயர சொருகியிருந்தா இத எழுத ஆள் இருந்திருக்காது.

அந்த எழுத்துக்கு அர்த்தம் இருக்குன்னு அப்பறம்தான் தெரிஞ்சுது. ஐரோப்பா கம்பெனிங்க வெச்ச பேரு மொறை அது. மொத எழுத்து ஹீட்டர (வால்வ சூடாக்குற உள் இழை) சொல்லும்: ஈன்னா 6.3 வோல்ட், யூன்னா 100 மில்லி ஆம்ப் சீரிஸ் ஹீட்டர், பின்னு வந்தா 300 மில்லி ஆம்ப், அது பெரும்பாலும் டிவில. அடுத்த எழுத்துங்க உள்ள என்ன இருக்குன்னு சொல்லும்: சி ட்ரையோடு (மூணு முனை), எஃப் சின்ன பென்டோடு (அஞ்சு முனை), எல் அவுட்புட் பென்டோடு, இசட் ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் (ஏசிய டிசி ஆக்குறது), ஒய் ஹாஃப் வேவ். எண்பதுல ஆரம்பிக்கிற நம்பர்னா 9 கால் சின்ன பேஸ். என் ரேடியோல யூஎல்84 ஹீட்டருக்கு 45 வோல்ட், யூஒய்85க்கு 38, மத்த ரெண்டுக்கும் 19, 19. கூட்டுனா 121. மிச்சம் 109 வோல்ட்ட ஒரு பெரிய ரெசிஸ்டர் தின்னுக்கிட்டே இருக்கும், 11 வாட் சும்மா சூடாப் போவுது. பாட்டி அந்த பொட்டி மேல பூனை தூங்கும்னு சொன்னது இதுனாலதான். ஆக மொத பாடம் எந்த புக்குலயும் இல்ல, வால்வு மேலயே அச்சடிச்சிருந்துச்சு. புதுசா பழகுறவங்க யூ வால்வு செட்ட தொடவே வேணாம், ஈ சீரிஸ் மட்டும் எடுங்க.

எங்க மாமா ஒருத்தர் அந்தக் காலத்துல மைக்செட் வெச்சிருந்தாரு. காதுகுத்து, கல்யாணம், அம்மன் கோயில் திருவிழான்னு கூம்பு ஸ்பீக்கர தென்ன மரத்துல கட்டுன ஆளு. அவர்ட்ட போய் ரேடியோ கதைய சொன்னதும் தலைல அடிச்சிக்கிட்டாரு, உள்ள போய் ஒரு பிஸ்கட் டப்பா எடுத்துட்டு வந்தாரு, அதுல பழைய துணில சுத்தி நாலு வால்வு. பழைய ரெக்கார்ட் பிளேயர்ல இருந்து கழட்டுன ஈசிஎல்82, பெங்களூர் பிஇஎல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) தயாரிப்பு. ஒரே கண்ணாடிக்குள்ள ஒரு ட்ரையோடு, ஒரு பென்டோடு, அதாவது ஒரு சேனலுக்கு ஒரு வால்வே போதும். "இத வெச்சு பழகு மாப்ள, பெரிய ஈஎல்34 பக்கம் இப்ப போகாத, அங்க 400 வோல்ட்டு, இது 200ல முடிஞ்சிரும்"னாரு. 200ம் ஆளக் கொல்லும், ஆனா கண்டென்சர், ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சுளுவா கெடைக்கும்ங்கறது நெசம்.

வால்வு எப்படி வேல செய்யுதுன்னு அவர் சொன்னதுதான் இன்னிக்கு வரைக்கும் எனக்கு மண்டைல நிக்குது. வாய்க்கால்ல ஷட்டர் இருக்குல்ல, அது முழுசா தொறந்தே கெடக்குன்னு வெச்சுக்க, தண்ணி, அதாவது எலக்ட்ரான், கத்தோட்லேருந்து (சூடாகி அனுப்புற முனை) பிளேட்டுக்கு (வாங்கிக்கிற முனை) ஓடுது, கிரிட்டுங்கறது ஷட்டர். கிரிட்டுக்கு மைனஸ் குடுக்க குடுக்க ஷட்டர் எறங்கும். பாதி எறக்கி நிறுத்தி வெச்சாதான் மேலயும் கீழயும் ஆட்ட எடம் இருக்கும், அதுதான் பயாஸ். ஷட்டர் திருகுறவன் தண்ணிய சொமக்கறதில்ல, திருகு மட்டும்தான் சுத்துறான், அதே மாதிரி கிரிட்டு கரண்ட் இழுக்காது, அதனாலதான் ஃபோன்லேருந்து வர்ற அரை வோல்ட்ட வெச்சு ஒரு ஸ்பீக்கர ஆட்ட முடியுது. தமிழ்ல இதுக்கு மேல தெளிவா நான் எங்கயும் படிக்கல. வால்வுங்கற வார்த்தைக்கே மதகுன்னுதான அர்த்தம்.

இப்ப புக்கு விஷயம். நான் பண்ண மொத தப்பு, எல்லாரும் பெருசா சொல்றாங்களேன்னு ராடியோட்ரான் டிசைனர்ஸ் ஹேண்ட்புக்க எடுத்தது. லாங்ஃபோர்ட் ஸ்மித் தொகுத்தது, சிட்னில 1950கள்ல வந்த நாலாவது பதிப்பு, 1500 பக்கத்துக்கு கிட்ட. பொக்கிஷம்தான், மறுக்கல. ஆனா வேலைல இருக்குற இன்ஜினியருக்காக எழுதுனது அது, பழகுறவன் அதுல எறங்குனா ஆத்துல நடுவுல குதிச்ச மாதிரி. மூணு வாரம் படிச்சு எனக்கு வந்தது தலவலி. கடைசில அந்த புக்குதான் என்ன காப்பாத்துச்சு, ஆனா அது ஒரே ஒரு அத்தியாயம், அத பின்னாடி சொல்றேன்.

ஆரம்பத்துல படிச்சிருக்க வேண்டியது அமெரிக்க கடற்படைக்காரங்க அவங்க பசங்களுக்கு எழுதுன பயிற்சிப் பாடம், நீட்ஸ்னு சொல்லுவாங்க, அதுல 6வது மாட்யூல் முழுக்க வால்வும் பவர் சப்ளையும்தான். பிளஸ் டூ பிசிக்ஸ் தெரிஞ்சவனுக்கு போதும், படம் படமா போட்டு, ஒவ்வொரு கட்டத்துலயும் கேள்வி கேட்டு பதிலும் குடுத்திருப்பான். அரசாங்க வெளியீடு, இலவசமா பிடிஎஃப்ஃபா கெடைக்கும். இங்கிலீஷ்தான், ஆனா எளிமையான இங்கிலீஷ். என் தங்கச்சி பையன் பத்தாவது படிக்கிறான், டயோடு பகுதிய அவனே படிச்சு எனக்கு சொன்னான்.

அடுத்து மோர்கன் ஜோன்ஸ் எழுதுன வால்வ் ஆம்ப்ளிஃபையர்ஸ், மொத பதிப்பு 1995. எல்லாரும் சொல்ற புக்கு, சொல்றதுல தப்பே இல்ல, மொத அத்தியாயத்துலயே ஓம் விதிலேருந்து ஆரம்பிப்பாரு. ஆனா அத கதப்புத்தகம் மாதிரி வரிசையா படிக்கக் கூடாது. ஒரு ஸ்டேஜ் கட்டுறப்ப அந்த பகுதிய மட்டும் தொறக்கணும். அவரே கட்டுற வேலைக்குன்னு தனியா இன்னொண்ணு எழுதியிருக்காரு, சேஸிஸ் ஓட்ட போடறது, எர்த் ஒயர் எப்படி போறதுன்னு, என்னக் கேட்டா ஒரு புக்குதான் வாங்க காசு இருக்குன்னா அந்த ரெண்டாவத வாங்குங்க. பவர் சப்ளைக்கு மெர்லின் பிளென்கோ 2010ல எழுதுன புக்கு ஒண்ணு இருக்கு, கிட்டார் ஆம்ப்காரங்களுக்குன்னு நெனச்சு தள்ளிட்டேன், முட்டாள்தனம், டயோடு, கண்டென்சர், ஃபியூஸ் கணக்கெல்லாம் அவ்ளோ நேரடியா வேற யாரும் சொல்லல. முல்லார்ட் கம்பெனி 1959ல போட்ட ஆடியோ ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட் தொகுப்பும் பாத்தேன், அதுல 3-3னு ஒண்ணு, மூணு வால்வு மூணு வாட், ஈஎஃப்86, ஈஎல்84, ஈஇசட்80. அழகான சர்க்யூட்டு, அடுத்தது அதத்தான் கட்டப் போறேன். ஆனா அதுல அவுட்புட்லேருந்து ஃபீட்பேக் திரும்பி வரும், ட்ரான்ஸ்ஃபார்மர் சரியில்லன்னா ஊளையிடும், அதனால மொத வேலைக்கு அது ஆகாதுன்னு தள்ளி வெச்சேன்.

இவ்ளோ படிச்சிட்டு கடைசியா தொறந்தது அந்த வால்வோட டேட்டாஷீட், ஃபிலிப்ஸ் போட்டது, சில தாள்தான். அதுல கேக்காமலே பதில் எழுதியிருந்துச்சு: பிளேட் 200 வோல்ட், ஸ்கிரீன் (பென்டோடுல உள்ள ரெண்டாவது கிரிட்டு) 200, கிரிட் மைனஸ் 16, பிளேட் கரண்ட் 35 மில்லி ஆம்ப், லோடு 5.6 கிலோ ஓம், அவுட்புட் 3.5 வாட். ஹீட்டர் 6.3 வோல்ட் 0.78 ஆம்ப். பிளேட் தாங்கறது 7 வாட். இதுக்கு மேல என்ன வேணும்? நான் அத மொத நாளே பாத்திருந்தா, படிச்ச ஒவ்வொரு புக்குலயும் "இது என் 16 வோல்ட்டுக்கு என்ன சொல்லுது"ன்னு கேட்டுப் படிச்சிருப்பேன். நம்பர் கையில இல்லாம தியரி படிச்சா ஒண்ணும் ஒட்டல.

கணக்கு எப்படி போச்சுன்னா, பிளேட்டும் ஸ்கிரீனும் சேத்து 42 மில்லி ஆம்ப், 16 வோல்ட் வேணும், அப்ப கத்தோடு ரெசிஸ்டர் 380 ஓம், கடைல 390. ஆனா அதப் போட்டா பிளேட் சரியா 7 வாட் விளிம்புல நிக்குது. வால்வு அறுபது வருஷப் பழசு, திருப்பி வாங்க அலையணும், அதனால 470 ஓம் 2 வாட் போட்டேன். கட்டி முடிச்சு அளந்தா அந்த ரெசிஸ்டர் மேல 17.4 வோல்ட், அதாவது 37 மில்லி ஆம்ப், ஸ்கிரீனுக்கு ஒரு 6 போனா பிளேட்டுக்கு 31. பிளேட்டுக்கும் கத்தோடுக்கும் நடுவுல 198 வோல்ட். பெருக்கிப் பாருங்க, 6 வாட்டுக்கு துளி மேல. ஒரு மல்டிமீட்டரும் ஒரு ரெசிஸ்டரும் இருந்தா வால்வுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிருது பாருங்க, அந்த சந்தோஷம் தனி.

ட்ரையோடு பக்கம் சுலபம். பிளேட்டுக்கு 220 கிலோ ஓம், கத்தோடுக்கு 2.2 கிலோ ஓம், அங்கேருந்து பென்டோடு கிரிட்டுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர், கிரிட்டுலேருந்து கிரவுண்டுக்கு 470 கிலோ ஓம். பழைய செட்டுல இந்த எடத்துல பேப்பர் கண்டென்சர் இருக்கும், அது லீக் ஆனா கிரிட்டுக்கு பிளஸ் வந்து ஷட்டர் முழுசா தூக்கிக்கும், வால்வு பிளேட் செவந்து அதோட ட்ரான்ஸ்ஃபார்மரும் போயிரும். பழைய வால்வு செட்ட யார் எடுத்தாலும் மாத்த வேண்டிய மொத சாமான் அதுதான், மாமா பாட்டா சொல்லுவாரு.

சேஸிஸ் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, கும்பகோணத்துல பாத்திரக்கடைல ஒரு கனமான அலுமினிய ட்ரே வாங்கி கவுத்துப் போட்டு ஓட்ட போட்டேன். ரெண்டு பக்கமும் பலா மரக்கட்டை, தஞ்சாவூர்ல வீண செய்யிற எடத்துல கழிவுத் துண்டு கெஞ்சி வாங்குனது. அலங்காரம்தான், சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, யாராவது பலா மரத்தால சத்தம் இனிக்குதுன்னு சொன்னா நம்பாதீங்க.

பவர் சப்ளைக்கு வைண்டிங் கடைல 170 வோல்ட் 200 மில்லி ஆம்ப், 6.3 வோல்ட் 3 ஆம்ப் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர். நாலு 1என்4007 டயோடு, 100 மைக்ரோ ஃபாரட் 450 வோல்ட், அப்பறம் ஒரு சோக்கு, திரும்ப ஒரு 100. சோக்கு எதுன்னு கேட்டா சிரிப்பீங்க, பழைய 40 வாட் ட்யூப்லைட் சோக்கு. ஊரே எல்இடிக்கு மாறிட்டதால பழைய இரும்புக்கடைல அது எடை போட்டுதான் விக்கிது. பாதுகாப்புக்கு ரெண்டு வேல. ஒண்ணு, ஹெச்டிக்கு (பிளேட்டுக்கு போற அந்த 200 சொச்சம் வோல்ட் டிசி) குறுக்க 220 கிலோ ஓம் 1 வாட் ரெசிஸ்டர், ஆஃப் பண்ணி ரெண்டு நிமிஷத்துல கண்டென்சர் எறங்கிடும், அப்பவும் மீட்டர் வெச்சு பாத்துட்டுதான் கைய விடணும், ஒரு கை பாக்கெட்ல. இன்னொண்ணு, சீரிஸ் லேம்ப். பிளக்குக்கு முன்னாடி ஒரு 60 வாட் குண்டு பல்ப சீரிஸா மாட்டுறது, எங்கியாச்சும் ஷார்ட்னா பல்பு பளிச்னு எரியும், ஆம்ப் பொழைக்கும். எல்இடி பல்பு இதுக்கு ஆகாது. குண்டு பல்புக்கு மூணு கடை ஏறி எறங்குனேன், கடைசில ஒரு பூஜை சாமான் கடைல கெடச்சுது.

ஹெச்டி குடுக்காம மொதல்ல ஹீட்டர் மட்டும் குடுத்தேன். ஒரு வால்வு மின்னுது, இன்னொண்ணு இருட்டு. வால்வு போச்சுன்னு மனசு உடஞ்சு போச்சு, மாத்தி சொருகுனா அதே பேஸ்லதான் இருட்டு. காரணம் என் மூள. வால்வு பேஸ்ல கால எண்ணுறது அடிப்பக்கத்துலேருந்து, இடைவெளி விட்ட எடத்துலேருந்து கடிகாரம் சுத்துற பக்கமா. ரெண்டாவது பேஸ நான் மேலேருந்து பாத்து எண்ணிட்டேன். அப்படிப் பாத்தா 4வது கால் 6 ஆயிரும், 6 பென்டோடு பிளேட்டு. ஹீட்டர் 4லயும் 5லயும், நான் குடுத்தது 6லயும் 5லயும். ஹெச்டியோட போட்டிருந்தா வேற கத. மொத்த பேஸையும் பிரிச்சு திரும்ப பத்த வெக்க ஒரு ஞாயித்துக்கிழம போச்சு. இன்னொண்ணு, ஈசிஎல்86ன்னு ஒரு தம்பி இருக்கான், அதே 9 கால், பாக்க அதே மாதிரி, ஆனா கால் வரிசை வேற, மாத்தி சொருகிடாதீங்க.

இப்ப முக்கியமான கதைக்கு வர்றேன், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்.

5.6 கிலோ ஓம்ம 8 ஓம் ஸ்பீக்கருக்கு மாத்தணும். 5600ஐ 8ஆல வகுத்தா 700, அதுக்கு வர்க்கமூலம் 26.5. பிரைமரி 2650 சுத்து 36 கேஜ், செகண்டரி 100 சுத்து 21 கேஜ், ஒரு இஞ்சி ஸ்டாம்பிங் (உள்ள அடுக்குற இரும்புத் தகடு), ஒண்ணேகால் இஞ்சி அடுக்கு. இத ஒரு தாள்ல எழுதி கும்பகோணத்துல மோட்டார் வைண்டிங் பண்ற ஒரு அண்ணன்ட்ட குடுத்தேன். கோடைல பம்ப்செட் மோட்டார் எரிஞ்சு எரிஞ்சு வரும், அப்ப போனா நம்ம வேல மூலைல கெடக்கும், அதனால மழைக்காலத்துல போனேன். சுத்திக் குடுத்தாரு, வார்னிஷ் மணக்க மணக்க. 8 ஓம் பக்கம் ஹீட்டர் வைண்டிங்லேருந்து 6.4 வோல்ட் குடுத்து பிரைமரிய அளந்தா 168 வோல்ட், ரேஷியோ பக்கா. இந்த சோதனைல பிரைமரி கிட்ட கைய கொண்டு போவாதீங்க, அது சும்மா கெடக்குற ஒயர் மாதிரிதான் தெரியும்.

மாட்டி, ஒரு நாதஸ்வரக் கச்சேரி போட்டேன். நாயனம் வருது, கொஞ்சம் கரகரப்பு, சரி. தவில்தான் சரியில்ல. வலந்தல (விரலால அடிக்கிற பக்கம்) மட்டும் டக்கு டக்குன்னு கேக்குது, தொப்பி (குச்சியால அடிக்கிற பக்கம்) சத்தமே காணோம். குச்சி விழுறது தெரியுது, கும்முனு வர வேண்டியது வரல. தஞ்சாவூர் ஜில்லாக்காரன் காது, இத விட்டுட்டு என்ன ஆம்ப்பு.

மொதல்ல கண்டென்சர சந்தேகப்பட்டேன். ஆனா கணக்கு போட்டா 0.1 மைக்ரோ ஃபாரடும் 470 கிலோ ஓமும் சேந்தா 3.4 ஹெர்ட்ஸ்லதான் வெட்டும், கத்தோடுல உள்ள 100 மைக்ரோ ஃபாரட் வால்வோட சொந்த ரெசிஸ்டன்ஸ சேத்து பாத்தாலும் 15 ஹெர்ட்ஸுக்குள்ளதான். இருந்தும் மனசு கேக்காம அத 470 ஆக்குனேன், துளி மாத்தமில்ல. அப்பறம் ஸ்பீக்கர கழட்டிட்டு 8 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் போட்டு, ஃபோன்ல டோன் ஆப் வெச்சு, மீட்டர ஏசில வெச்சு அளந்தேன். 400 ஹெர்ட்ஸ்ல 4.2 வோல்ட், அதாவது 2.2 வாட். அதே வால்யூம்ல 50 ஹெர்ட்ஸ்ல 1.5 வோல்ட். ஆஸிலாஸ்கோப் இல்லாத ஏழைக்கு இதுதான் கண்ணு. ஒண்ணு, விலை கொறஞ்ச மீட்டர் 400 ஹெர்ட்ஸுக்கு மேல பொய் சொல்லும், அதனால 1000ல அளந்துட்டு கொழம்பாதீங்க.

இங்கதான் ராடியோட்ரான் புக்குல ட்ரான்ஸ்ஃபார்மர் அத்தியாயத்த எடுத்தேன், இந்த வாட்டி கேள்வியோட. அரை மணி நேரத்துல பிடிபட்டுது. நான் கட்டுனது சிங்கிள் எண்டட், அதாவது சேனலுக்கு ஒரே ஒரு அவுட்புட் வால்வு, பிரைமரி வழியா 31 மில்லி ஆம்ப் டிசி எந்நேரமும் ஒரே தெசைல ஓடுது. சாதாரண ட்ரான்ஸ்ஃபார்மர் மாதிரி ஈ ஸ்டாம்பிங்கையும் ஐ ஸ்டாம்பிங்கையும் (இங்கிலீஷ் E, I எழுத்து வடிவத் தகடு) மாத்தி மாத்தி போட்டா இரும்புல எங்கயும் எடவெளி இருக்காது, அந்த டிசியே இரும்ப ரொப்பிரும், சிக்னலுக்கு எடம் மிஞ்சாது, மொதல்ல அடிபடறது கீழ் சத்தம்தான். ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் ஒரு பக்கம் அடுக்கி நடுவுல ஒரு பேப்பர் வெக்கணும். ரேஷியோ சோதனைல இது தெரியவே தெரியாது, ஏன்னா அதுல டிசி இல்ல.

தூக்கிட்டு திரும்ப கடைக்கு போனேன். அண்ணன் கோவப்படல, ஆனா நம்பவும் இல்ல. "தம்பி, முப்பது வருஷமா சுத்துறேன், ஸ்டாம்பிங்ல சந்து விட்டா கரண்ட் இழுக்கும், சூடாவும், ஊருக்கே கேக்குற மாதிரி உறுமும், நீ என் பேரக் கெடுக்கப் பாக்குற"ன்னாரு. நான் புக்க காட்டுனேன், டிசி, ஃப்ளக்ஸுன்னு என்னென்னமோ ஒளறுனேன், கைய ஆட்டி நிறுத்திட்டாரு. ஒரு டீ குடிச்சோம். அப்பறம் அவரா ஸ்டாம்பிங்க கைல எடுத்து பாத்துக்கிட்டே, "ட்யூப்லைட் சோக்குல பேப்பர் வெச்சிருப்பான்ல, அது மாதிரியா?"ன்னாரு. அதேதாண்ணே! சோக்குலயும் இரும்பு ரொம்பிடக் கூடாதுன்னுதான் அந்த சந்து. "இத மொதல்லயே சோக்கு மாதிரின்னு சொல்லியிருந்தா முடிஞ்சுதுல்ல, எதுக்கு இவ்ளோ பெரிய புஸ்தகம்"னு சிரிச்சுட்டு அன்னிக்கே பிரிச்சாரு. பேப்பர் எவ்ளோ கனம்னு கேட்டாரு, 0.1 மில்லிமீட்டர் போதும், நோட்டுப் புத்தகத் தாள் ஒண்ணு. கடைப் பையனோட கணக்கு நோட்டுலேருந்து கிழிச்சு வெச்சோம், இப்பவும் என் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒண்ணுக்குள்ள யாரோட வட்டிக் கணக்கோ இருக்கு.

பிரிச்சதோட நிக்காம அவரே ஒரு யோசன சொன்னாரு, பிரைமரிய பாதி சுத்தி, மேல செகண்டரி, அதுக்கு மேல மிச்சப் பாதி, நடுவுல லெதராய்டு பேப்பர். இதத்தான் புக்குலயும் எழுதியிருக்கான், மேல் சத்தம் நல்லா வரும்னு. அவர் சொன்ன காரணம் வேற, "சூடு ஆறும்"னாரு. எதுவா இருந்தா என்ன. ரெண்டையும் புதுசா சுத்துனாரு, பிரைமரி 240 ஓம் வந்துச்சு.

வீட்டுக்கு வந்து அதே டோன், அதே ரெசிஸ்டர். 400 ஹெர்ட்ஸ்ல 4.2, 50 ஹெர்ட்ஸ்ல 3.7. ராத்திரி ஒம்பது மணிக்கு மாமாவ ஃபோன் போட்டு வரச் சொல்லி, அதே கச்சேரி. ஒரு அஞ்சு நிமிஷம் ஒண்ணும் பேசல, தனி ஆவர்த்தனம் வந்ததும் முட்டில தாளம் போட ஆரம்பிச்சாரு. "தொப்பி வந்துருச்சு மாப்ள. நாயனந்தான் இன்னும் கொஞ்சம் மூக்கடச்ச மாதிரி இருக்கு"ன்னாரு. அது ஸ்பீக்கர் கோளாறு, பழைய பேப்பர் கோன், ஓரத்துல கிழிசல்.

ஹம் (பாட்டுக்கு அடில வர்ற உறுமல்) பத்தி சுருக்கமா. 50 ஹெர்ட்ஸ் ஹம்னா ஹீட்டர் இல்லன்னா எர்த், 100 ஹெர்ட்ஸ்னா ஹெச்டி சப்ளை, காதுக்கு வித்தியாசம் தெரியலன்னா டோன் ஆப்ல ரெண்டையும் போட்டு ஒப்பிட்டு பாருங்க. என்னுது 50. ஹீட்டர் ஒயர நல்லா முறுக்கி சேஸிஸ் மூலையோட ஓட்டி, 6.3 வோல்ட்டோட ரெண்டு முனைலேருந்தும் ஆளுக்கு ஒரு 100 ஓம் கிரவுண்டுக்கு போட்டதும் முக்காவாசி போச்சு. மிச்சம் இன்புட் சாக்கெட் சேஸிஸ தொட்டுக்கிட்டு இருந்ததால, அதத் தனியா ஒதுக்குனதும் போச்சு. ஒரு நாள் வேல, ஆனா புக்கு படிக்காம இருந்திருந்தா ஒரு மாசம் ஆயிருக்கும், கட்டுற வேலைக்கான அந்த மோர்கன் ஜோன்ஸ் புக்கு இங்கதான் காசுக்கு உழைச்சுது.

இன்னொண்ணு எந்த புக்குலயும் இல்லாதது, நம்ம ஊரு லைன். சாயங்காலம் மோட்டார் எல்லாம் ஓடுறப்ப 195 வோல்ட், ராத்திரி பன்னெண்டுக்கு மேல 250. ஹீட்டர் 5.3லேருந்து 6.9 வரைக்கும் போவுது, பழைய வால்வுக்கு ரெண்டுமே நல்லதில்ல. இப்போதைக்கு டிவிக்கு வெச்சிருந்த பழைய ஸ்டெபிலைசர முன்னாடி போட்டுருக்கேன், டக்கு டக்குன்னு ரிலே அடிக்கிற சத்தம் கச்சேரிக்கு நடுவுல கேக்குது, பொறுத்துக்கிறேன். மொத தடவ போடறப்ப வால்வு சூடாகறதுக்கு முன்னாடி ஹெச்டி 270ஐத் தாண்டுது, அதனாலதான் 450 வோல்ட் கண்டென்சர், 250 வோல்ட் கண்டென்சர் போட்டு காச மிச்சம் பிடிக்க நெனைக்காதீங்க.

இப்ப ஆம்ப் கூடத்துல அலமாரி மேல இருக்கு. வலது சேனல் இடத விட ஒரு பொட்டு சத்தம் கம்மி, வால்வு வயசுதான்னு நெனைக்கிறேன், டப்பால மிச்சம் ரெண்டு இருக்கு, மாத்திப் பாக்கணும். பாட்டி ரேடியோவையும் விடல. அந்த யூ செட்ட பத்திரமா ஓட்ட 230க்கு 230 ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் (செட்ட லைன்லேருந்து பிரிச்சு வெக்கிறது) ஒண்ணு வைண்டிங் அண்ணன்ட்ட சொல்லியிருக்கேன். "இதுக்கு பேப்பர் வெக்கணுமா வேணாமா, இப்பவே சொல்லிரு"ன்னு கேட்டாரு, வேணாம்ணே, இது மாத்தி மாத்தியே போடுங்கன்னேன். ஆடிப்பெருக்கு கழிச்சு வரச் சொல்லியிருக்காரு.